ஒப்புவித்தலும் வாசித்தலும்

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, பிற்காலத்தில் ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் குடியேறிய முதிய தலைமுறையினரிடையே வியப்புக்குரிய ஒரு நிலையைக் காணலாம். ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் அடி பிறழாமல் ஒப்புவிக்க வல்லவர்களுள் சிலர், நாளிதழின் ஒரு பத்தியைப் படிக்க இயலாமல் பேரப்பிள்ளைகளின் துணையை நாடுவர். அவர்கள் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லர். இரண்டாண்டோ மூன்றாண்டோ தோட்டப் பள்ளியின் பலகையில் அமர்ந்தவர்கள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் வரிசை தவறாமல் சொன்னவர்கள். அப்படியிருந்தும் வாசிப்பு அவர்களுக்குக் கைவராமற் போனது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடினால், தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த வரலாறு முழுவதையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

வாசிப்பு என்பது மூன்றின் கூட்டாகும். கண் காணும் வடிவம் ஒன்று. அவ்வடிவம் குறிக்கும் ஒலி மற்றொன்று. ஒலிகள் சேர்ந்து பிறக்கும் சொல், கேட்டவுடன் பொருள் விளங்கும் சொல், மூன்றாவது. இம்மூன்றும் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் ஒருங்கே கூடும்போதுதான் வாசிப்பு பிறக்கிறது. ஒன்று விடுபட்டாலும் எஞ்சுவது ஒப்புவித்தலே.

மணலும் ஓலையும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கல்வி மணலில் தொடங்கிற்று. ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை வரையச் செய்வார். பிள்ளை எழுதிக்கொண்டே அவ்வெழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். வடிவம் கைக்கும், பெயர் நாவுக்கும் பழகிய பின்னரே ஓலைச்சுவடி கைக்கு வரும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி என்று படிப்பு வளரும். முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை, பின்னே வருவோர்க்குக் கற்பிப்பான்.

இம்முறையில் மனப்பாடம் மிகுந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவில் வேறுபடா. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. இத்தகைய ஏட்டை எழுத்துக்கூட்டி மட்டும் படிப்பது அரிது. எந்தச் சொல் வரக்கூடும் என்பதை முன்னரே அறிந்தவனுக்கே ஓலை வாய்திறக்கும். ஆகவே முதலில் நூலை நெஞ்சில் ஏற்றி, பிறகு அதே நூலை ஏட்டில் கண்டு அடையாளம் காணச் செய்தனர். அக்காலத்துக்கு அது பொருத்தமான வழியே ஆகும்.

ஆத்திசூடியின் அமைப்பும் இதற்கு இசைந்தது. அதன் அடிகள் உயிரெழுத்து, உயிர்மெய்யெழுத்து என எழுத்து முறையிலேயே தொடங்குகின்றன. எழுத்தை நினைத்தால் அடி நினைவுக்கு வரும். அடியை நினைத்தால் எழுத்து நினைவுக்கு வரும். ஆயின் அவ்வடிகளில் உள்ளவை அறத்தைக் கூறும் சொற்கள். ஐந்து வயதுப் பிள்ளை அன்றாடம் வழங்கும் சொற்கள் அல்ல. எழுத்தும் ஒலியும் இங்கே இணைந்தன. பொருள் பின்னர் வருவதற்காகக் காத்திருந்தது.

பெயர் வேறு, ஒலி வேறு

திண்ணைப் பள்ளியின் மற்றொரு மரபு எழுத்துகளுக்குப் பெயரிட்டு அழைத்தல். ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்றும், கானா, ஙானா என்றும் பிள்ளைகள் பாடினர். இது பாமர வழக்கு என்று தள்ளிவிடத்தக்கதன்று. எழுத்தைச் சுட்டிப் பேச ஒரு பெயர் வேண்டும் என்பதை இலக்கண ஆசிரியர்களும் உணர்ந்திருந்தனர். கரம், காரம், கான் என்னும் எழுத்துச் சாரியைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. அகரம், ஆகாரம், ஐகான் என்பன அவ்வாறு அமைந்தவை. எழுத்துகள் நெஞ்சிலும் மிடற்றிலும் மூக்கிலும் நாவிலும் இதழிலும் எவ்வாறு பிறக்கின்றன என்பதைப் பிறப்பியலில் தனியே விளக்கிய அந்நூல், எழுத்தின் பெயரையும் ஒலியையும் ஒருபோதும் குழப்பவில்லை.

குழப்பம் வகுப்பறையில் நேர்ந்தது. பிள்ளை பெயரையே ஒலியெனக் கொண்டது. 'பாடு' என்னும் சொல்லைக் கண்ட சிறுவன் 'பாவன்னா, டூனா' என்று சொல்லித் திகைப்பான். அவ்வொலிகளைக் கூட்டினால் 'பாடு' வராது. பிற்காலத்தில் இப்பெயர்கள் மறைந்து, மெய்யெழுத்துகளை 'இக், இங், இச்' என்று சொல்லும் வழக்கம் நிலைத்தது. மெய் தனித்து ஒலிக்க இயலாமையால் முன்னே ஓர் இகரம் துணையாக நிற்கிறது. அந்தத் துணையும் சில வேளைகளில் தடையாகிறது. 'அம்மா' என்பதை 'அ, இம், மா' என்று கூட்டும் பிள்ளை, நடுவிலுள்ள இகரத்தைக் கழிக்கக் கற்றாக வேண்டும். ம், ல், ன் போன்றவற்றை வாயில் நிறுத்தி நீட்டிக் காட்டலாம். க், ட், ப் போன்றவற்றை அவ்வாறு நீட்ட இயலாது. அனுபவமுள்ள ஆசிரியர் இதனை அறிந்து, அல், பல், கல் என முன்னிற்கும் உயிரோடு சேர்த்தே மெய்யை ஒலிக்கச் செய்வர்.

மணல் கடல் கடந்த கதை

தமிழ்நாட்டுப் பள்ளியின் மணல் ஐரோப்பியரையும் கவர்ந்தது. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதியே தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த விரும்பினார். உதவியாசிரியர்கள் இணங்காமற் போகவே, எட்டு வயது மாணவன் ஒருவனைக் கொண்டு அதனைச் செய்து காட்டினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக, சட்டாம்பிள்ளை முறை 'சென்னை முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவிற்று. தமிழர் திண்ணையில் பிறந்த முறையொன்று, ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பெரும் இயக்கத்துக்கு அங்கே வழிகாட்டியதென்பது பெருமைக்குரிய செய்தி.

அச்சுப் பரவியதும் எழுத்தறிவித்தலின் நிலை மாறத் தொடங்கிற்று. வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்திக் காட்டிய முறை நிலைபெற்றது. மெய்க்குப் புள்ளி தவறாது இடப்பட்டது. சொற்கள் இடைவெளி பெற்றன. முன்பின் கேட்டிராத சொல்லையும் எழுத்தொலிகளைக் கூட்டியே படிக்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், எளிய பாடத்திலிருந்து அரிய பாடத்துக்குப் படிப்படியாக ஏறும் பாலபாட நூல்களை இயற்றினார். கருவி மாறிவிட்டது, ஆனால் பல வகுப்பறைகளில் பழக்கம் மாறவில்லை. புள்ளியிட்ட அச்சுப் புத்தகத்தையும் ஓலைபோலவே நெட்டுருச் செய்யும் வழக்கம் நீடித்தது.

தோட்டத்துப் பள்ளி

இந்தப் பழக்கமே கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. 1816ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்ப் பயிர் பெருகியபோது, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பேராக்கின் தோட்டங்களை நிறைத்தன. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும், அதனை அடுத்து வந்த 1923ஆம் ஆண்டின் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைய வேண்டுமென்னும் கடமையை நிர்வாகங்கள்மீது சுமத்தின.

சட்டத்தின்படி பள்ளிகள் தோன்றின. பல இடங்களில் ஒரு கொட்டகையே பள்ளி, ஒருவரே ஆசிரியர். பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்காத இடங்களில், எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ கோயில் பூசாரியோ அப்பணியை ஏற்றார். முதல் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே கூரையின்கீழ் ஒரே நேரத்தில் நடைபெறும். மேல்வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் வேளையில், கீழ்வகுப்பைக் கட்டுக்குள் வைக்க ஆசிரியர்க்கு இருந்த ஒரே வழி கூட்டாக ஒப்புவிக்கச் செய்வதுதான். அவர்களைக் குறைகூறுதல் நேர்மையாகாது. அச்சூழலில் அத்தனை பிள்ளைகளையும் ஒரு வரிசையில் அமர்த்தி எழுத்து என்னும் ஒன்று உண்டெனக் காட்டியதே பெருந்தொண்டு.

ஆயினும் இழப்பு இழப்பே. விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குச் சென்றுவிடுவர். தம்பி தங்கையரைக் கவனிக்கவும் தோட்டத்தில் சில்லறை வேலை செய்யவும் பிள்ளைகள் பள்ளியை இடையிலேயே விட்டனர். இரண்டு மூன்று ஆண்டுகளே பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு, முதலாண்டு முழுவதும் எழுத்து வரிசையிலேயே கழிந்தால், அவ்வெழுத்துகள் சொல்லாக மாறும் நாள் வருமுன் படிப்பு நின்றுவிடும். போருக்கு முன்னர்ப் பாடநூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தன. அந்தப் பிள்ளையின் நாவில் நாள்தோறும் புரண்ட வாளி, உளி, மங்கு, கித்தா ஆகிய சொற்களுக்கு அவற்றில் இடமில்லை. வடிவம் தெரிந்தது; பெயர் தெரிந்தது; சொல் மட்டும் வந்து சேரவில்லை. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே.

எழுத்து முதலா, சொல் முதலா?

எழுத்தொலியிலிருந்து தொடங்குவதா, முழுச் சொல்லிலிருந்து தொடங்குவதா என்னும் வழக்கு உலகெங்கும் பழையது. 1658இல் கொமேனியசு வெளியிட்ட படநூல், காக்கை கரைவதையும் ஆடு கத்துவதையும் காட்டி எழுத்தொலிகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தது. பின்னாளில் அமெரிக்காவில் முழுச்சொல் முறை ஓங்கிற்று. 1936இல் எட்வர்டு டால்ச் என்பார், ஆங்கில நூல்களில் மிகுதியாக வரும் 220 சொற்களைத் தொகுத்து, அவற்றைக் கண்டவுடன் சொல்லப் பழக்க வேண்டுமென்றார். 1967இல் ஜீன் சால் என்னும் அம்மையார் அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளை ஒப்பிட்டு, எழுத்தொலிகளை முறையாகக் கற்பிப்பதே தொடக்க வாசகர்க்கு மிகுந்த பயன் தருகிறதென்று காட்டினார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் அம்முடிவையே வலியுறுத்திற்று.

தமிழுக்கு இவ்வழக்கு அப்படியே பொருந்தாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தளர்ந்தது. தமிழில் அது நெருக்கமானது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் அறிந்து, அவை கூடும் குறியீடுகளையும் அறிந்த பிள்ளை, இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்களையும் தனித்தனியே நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை. இடர் தருவன சில உண்டு. கு, சு, டு, நு என உகர வரிசை ஒரே குறியீட்டுக்கு அடங்காது. கெ, கே, கை ஆகியவற்றில் குறியீடு மெய்க்கு முன்னே எழுதப்படினும் ஒலி பின்னே வரும். கொ, கோ என்பவற்றில் அது இருபுறமும் சூழும். பெரியார் 1935இல் தம் இதழில் மேற்கொண்ட சீர்திருத்த வடிவங்களுள் ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட பதின்மூன்றைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அவை மலேசியப் பாடநூல்களுக்கும் வந்தபோது பிள்ளையின் சுமை ஓரளவு குறைந்தது.

சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்லும் வழியும் தமிழுக்கு அயலானதன்று. 1963இல் பிரேசில் நாட்டின் அங்கிகோசு என்னும் ஊரில் பாவ்லோ பிரைரே ஏறத்தாழ முந்நூறு தொழிலாளர்க்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். உழைப்பாளி நன்கறிந்த ஒரு சொல்லைப் படத்துடன் காட்டி, அச்சொல்லை அசைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசையின் குடும்பத்தையும் உயிரொலி மாற்றி விரித்து, அவற்றிலிருந்து புதிய சொற்களை ஆக்கச் செய்வது அவர் முறை. அந்த அசைக் குடும்பம் என்ன? தமிழ்ப் பிள்ளை பாடும் க, கா, கி, கீ என்னும் உயிர்மெய் வரிசையேயன்றி வேறன்று. அவ்வரிசை தமிழ் வகுப்பறையில் காலங்காலமாக இருந்தது. அதற்கு முன்னே நிற்க வேண்டிய, பிள்ளைக்குத் தெரிந்த சொல்தான் இல்லாதிருந்தது.

இவ்வுணர்வு பிற்காலப் பாடநூல்களில் இடம்பெற்றது. எழுதுதற்கு எளிய ட, ப, ம போன்றவற்றை முதலில் கொண்டு, பட, மட, படம், பட்டம் எனச் சில எழுத்துகளிலேயே சொல்லை ஆக்கிக் காட்டும் நூல்கள் தோன்றின. மலேசியாவில் அமைச்சரவைக் கல்விக் குழு 1979இல் அளித்த அறிக்கை, தொடக்கப்பள்ளியில் வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றுக்கும் முதலிடம் தரவேண்டுமென வற்புறுத்திற்று. அதன்வழி உருவான புதிய கலைத்திட்டம் 1982இல் சோதனை முறையிலும் 1983இல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. நான்காண்டு கழித்து வாசிக்கலாம் என்னும் மெத்தனத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது.

இன்றைய வகுப்பறை

1957இல் நாட்டில் எண்ணூற்றுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கியுள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியதும் இதற்குக் காரணங்கள். பேராக்கில் அவ்வாறு பெயர்ந்த குடும்பங்களுக்குப் புகலிடமான வட்டாரங்களுள் புந்தோங் ஒன்று. கச்சாங் பூத்தே வணிகத்தால் நாடறிந்த இவ்வட்டாரத்தில், முறுக்கும் பட்டாணியும் கடலையும் பிள்ளைகளுக்குப் பழகிய பொருள்கள், பழகிய சொற்கள்.

இம்மூன்று சொற்களையே எடுத்துக்கொண்டால், தமிழ் வாசிப்பின் மற்றொரு நுட்பம் விளங்கும். 'முறுக்கு', 'பட்டாணி' என்பவற்றை எழுத்துக்கூட்டும் பிள்ளை, தான் வீட்டில் கேட்ட சொல்லையே வந்தடைகிறது, முகம் மலர்கிறது. 'கடலை' அவ்வாறன்று. வீட்டில் அது 'கடல'. இலை 'எல' ஆகவும், குடை 'கொட' ஆகவும் பேச்சில் வழங்கும். எழுத்தை ஒலித்துச் சொல்லை அடைந்த பின்னும் அது தெரிந்த சொல்தானா என்று பிள்ளை ஐயுறும். ஆதலின் ஆடு, மாடு, அம்மா, அப்பா, பாட்டி, தட்டு, காசு எனப் பேச்சும் எழுத்தும் ஒன்றுபடும் சொற்கள் முதலில் வருதல் நலம். இலையும் குடையும் அடுத்த படியில், ஆசிரியர் இரு வடிவங்களையும் இணைத்துக் காட்டிய பின் வரலாம்.

அடிக்கடி வரும் சொற்களைத் தனியே பழக்குதலும் இங்கேதான் தமிழுக்குத் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் அதற்குக் காரணம் ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டல். தமிழில் காரணம் வேறு. 'இருக்கிறது', 'வேண்டும்', 'அவர்கள்', 'என்று' ஆகிய சொற்கள் பாடநூலின் ஒவ்வொரு பக்கத்திலும் வருகின்றன. ஆனால் 'இருக்கு', 'வேணும்', 'அவங்க' என்றே பிள்ளை கேட்டு வளர்கிறது. இத்தகைய சொற்களைக் கண்டவுடன் அறியும் வண்ணம் பழக்கினால், வாக்கியத்தின் நடுவே பிள்ளை இடறி நிற்பது குறையும்.

இவற்றினும் பெரிய அறைகூவல் ஒன்று இன்று எழுந்துள்ளது. தமிழில் ஒரே ககரம், 'கல்' என்பதில் வல்லொலியாகவும், 'தங்கம்' என்பதில் மெலிந்தும், 'மகள்' என்பதில் மேலும் நெகிழ்ந்தும் ஒலிக்கும். 'பல்' என்பதன் பகரமும் 'தம்பி' என்பதன் பகரமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை எந்தப் பிள்ளைக்கும் விதியாகக் கற்பித்ததில்லை. தாயின் பேச்சைக் கேட்ட செவி அதனைத் தானே திருத்திக்கொள்ளும் என்னும் நம்பிக்கையிலேயே தமிழெழுத்து அமைந்துள்ளது. வீட்டில் தமிழ் ஒலிக்காத பிள்ளைக்கு அந்தச் செவித்துணை கிட்டாது. முதலாண்டிலேயே அப்பிள்ளை மலாயையும் ஆங்கிலத்தையும் ரூமி எழுத்தில் சந்திக்கிறது. அங்கே ஒரே எழுத்து ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் மலாயில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. அன்று ஆவன்னாவால் நேர்ந்த பெயர், ஒலிக் குழப்பம் இன்று மும்மொழிக் குழப்பமாக வடிவெடுத்துள்ளது.

இதற்கு மருந்து எழுத்து அட்டைகளை மேலும் அடுக்குவதன்று. எழுத்துக்கு முன்னே பேச்சு வேண்டும். முதலாண்டு ஆசிரியர் கதை சொல்லியும் பாட்டுப் பாடியும் உரையாடியும் சொற்களை முதலில் செவிக்கு அளித்து, பின்னர் அதே சொற்களைக் கண்ணுக்குக் காட்டுதல் வேண்டும். பாலர் பள்ளிகள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் ஒப்புவிக்கச் செய்வதைச் சாதனையாகக் காட்டுவதை விடுத்து, பிள்ளை எத்தனை சொற்களைத் தமிழில் பேசுகிறது என்பதை அளவாகக் கொள்ளுதல் வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியது அதனினும் எளிது: பிள்ளையோடு தமிழில் பேசுதல்.

திண்ணைப் பள்ளி கைக்கும் நாவுக்கும் பயிற்சி தந்தது. இலக்கணம் ஒலியைத் தெளிவுபடுத்திற்று. அச்சும் சீர்திருத்தமும் வடிவைச் செம்மை செய்தன. தோட்டத் தொழிலாளி தன் கூலியிலிருந்து மிச்சப்படுத்திப் பலகை வாங்கித் தந்தான். இத்தனை தலைமுறையின் உழைப்பும் ஒன்றுசேர்ந்து முதலாம் ஆண்டு மாணவனின் மேசைமேல் ஒரு புத்தகமாக விரிந்து கிடக்கிறது. தோட்டத்துப் பாட்டிக்குத் தெரிந்த சொற்கள் இருந்தன. அவற்றை எழுத்தோடு சேர்த்துக் கொடுக்கப் பள்ளிக்கு வசதியில்லை. இன்று பள்ளிக்கு வசதி இருக்கிறது. பேரனிடம் சொற்கள் குறைகின்றன. அவை குறையாமல் காப்பது வீட்டார் கடமை. இருப்பவற்றை எழுத்தோடு இணைப்பது ஆசிரியர் கடமை. இவ்விரு கடமைகளும் நிறைவேறும் இல்லங்களில், பாட்டிக்கு நாளிதழ் வாசித்துக் காட்டும் பிள்ளைகள் தொடர்ந்து உருவாவார்கள் என்பதில் ஐயமில்லை.